புது டயரில் ஒரு ஸ்க்ரூ

“நிக்கவே கூடாதுன்னா அப்புறம் எதுக்குண்ணே கார்ல பிரேக் வச்சிருக்காங்க?”

டயர்க் கடை நடுவில் நின்று இப்படிக் கேட்டது தங்கச்சி, வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிறவள். மூலையில் காற்றடிக்கும் இயந்திரம் தன் பாட்டுக்குத் தடதடத்துக்கொண்டிருந்தது. அண்ணன் மூக்கின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினான். தங்கச்சியோடு பேசும்போது அவனுக்குத் தலைவலி வருவது மூக்கில்தான்.

“பேச்ச மாத்தாத. மலை ரோட்டுல தனியா போகப்போற. பஞ்சரானா என்ன பண்ணுவ? ரன்-ஃப்ளாட் போட்டா பஞ்சரே ஆனாலும் ஓடிக்கிட்டே இருக்கும். ஊரு வர்ற வரைக்கும் எறங்கவே வேணாம்.”

“எறங்குனா என்னவாம்? ரோட்டுல முதலையா படுத்திருக்கு?”

“அம்மா, நீயே கேளு இவள!”

அம்மா கேட்கவில்லை. அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல், மருத்துவமனையின் வெள்ளைச் சீருடையோடு, சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவசரப் பிரிவில் நர்ஸ். வேலை முடிந்து நேராக இங்கே வந்திருந்தாள். சாலையில் அடிபட்டு வருகிறவர்களை முதலில் பார்க்கிற கண் அவளுடையது. அதனால் கார் என்றாலே அவளுக்குச் சக்கரமும் கதவும் தெரியாது, ஸ்ட்ரெச்சர்தான் தெரியும். அவளுடைய சீருடைப் பாக்கெட்டில் தெர்மாமீட்டர், கத்தரி, சின்ன டார்ச், இவற்றோடு அந்தக் காரின் சாவியும் இருந்தது. சண்டையே அந்தச் சாவிக்காகத்தான்.

கார் சும்மா இல்லை. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு வண்டி. ஏறுவதற்குக் குனிய வேண்டும், இறங்குவதற்கு உருள வேண்டும். அண்ணனும் தங்கச்சியும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பழைய வண்டி அது. போன வருஷம் அண்ணனுக்குக் குழந்தை பிறந்தது. குழந்தை சீட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகவில்லை. “நீயே ஓட்டிக்கோ” என்று பெருமூச்சோடு விட்டுக்கொடுத்தான். விட்டுக்கொடுத்தாலும் பகலில் வேலைக்கு அவன்தான் எடுத்துப் போவான், சாயங்காலம்தான் அவள் கைக்கு வரும். இப்போது பார்த்து வாலுவுக்கு மலையைத் தாண்டிக் கடற்கரை ஊரில் வேலை கிடைத்தது. அவள் தொழில் பல் செய்வது. டாக்டர் அனுப்புகிற அச்சை வைத்து, பக்கத்துப் பல்லே கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு பல்லை உருவாக்கிக் கொடுப்பாள். திங்கட்கிழமை சேர வேண்டும். வாராவாரம் மலை ஏறி இறங்கி வீட்டுக்கு வரலாம் என்பது அவள் கணக்கு.

அம்மாவின் கணக்கு வேறு. “ரன்-ஃப்ளாட் டயர் மாட்டினா சாவி. இல்லன்னா பஸ்.” அவ்வளவுதான். அவள் சொன்னால் மருந்துச் சீட்டு மாதிரி, திருத்தம் கிடையாது.

அது என்ன ரன்-ஃப்ளாட் என்று கேட்டால், பக்கச் சுவர் தடித்த டயர். சாதா டயரில் காற்று இறங்கினால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். இது உட்காராது. காற்றே இல்லாவிட்டாலும் விறைப்பாக நின்று, மெதுவாக ஓட்டினால் கொஞ்ச தூரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வாலுவின் வண்டியில் ஏற்கெனவே இருந்ததும் அந்த ரகம்தான். அதனால் வண்டியில் மாற்றுச் சக்கரம் வைக்க இடமே கிடையாது. டிக்கியைத் திறந்தால் ஒரு பை வைக்கலாம், பைக்குள் ஒன்றும் இருக்கக்கூடாது.

“முதலாளி, நீங்க சொல்லுங்க, எது நல்லது?” என்றான் அண்ணன், கடைக்காரரைப் பார்த்து.

கடை முதலாளி நல்ல மனுஷர். யார் பேசினாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். “ரன்-ஃப்ளாட்டுன்னா பாதுகாப்பு சார். பொண்ணு தனியா போகுதுல்ல.”

“ஆனா குதிரை மேல போற மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது, இல்லீங்களா?” என்றாள் வாலு.

“ஆமாம்மா, அது கெட்டிதான். இடுப்பு போயிரும்.”

“கனம் வேற.”

“கனம் வேறம்மா.”

“ஏங்க, நீங்க யாரு பக்கம்?” என்று கத்தினான் அண்ணன்.

“நான் டயர் பக்கம் சார்.”

வாலு விடவில்லை. “இத பாருங்க. பல்லு வைக்கிறோம்ல, ரொம்ப கெட்டியானத வச்சா அது உடையாதுதான். ஆனா எதிர்ப்பல்லு தேஞ்சு போயிரும். கடிக்கும்போது எதக் கடிக்கிறோம்னே தெரியாது. அந்த டயரும் அப்படித்தான். ரோடு எப்படி இருக்குன்னு கைக்கே தெரியல. வளைவுல திருப்பினா கட்டைய திருப்புற மாதிரி இருக்கு. அதுவும் போன வாரத்துலேருந்து வண்டி இடது பக்கமா இழுக்குது.”

“உனக்கு ஓட்டத் தெரியல” என்றான் அண்ணன்.

“சரி, முதலாளி. அந்த இடது சக்கரத்த கழட்டுங்க முதல்ல.”

முதலாளி கழற்றினார். சக்கரத்தை இயந்திரத்தில் படுக்கவைத்து டயரின் உதட்டைப் பெயர்த்ததும் உள்ளேயிருந்து பொலபொலவென்று கறுப்புத் தூள் கொட்டியது. காபித்தூள் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. முதலாளி விரலில் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“காத்தே இல்லாம ரொம்ப தூரம் ஓடியிருக்கு சார். உள்சுவரு மாவா போச்சு. இனி இத ஒட்டவும் முடியாது, ஒண்ணும் முடியாது.”

“நேத்து வரைக்கும் யாரு ஓட்டினது?” என்றாள் அம்மா, கடைக்கு வந்தபின் முதல் தடவையாக வாயைத் திறந்து.

அண்ணன் கடையின் கூரையைப் பார்த்தான். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

“காத்து இறங்குனா முன்னாடி ஒரு மஞ்ச லைட் எரியுமேடா?” என்றாள் அம்மா விடாமல்.

வாலு அதற்குள் காருக்குள் பாதி உடம்பை நுழைத்துவிட்டாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், நகத்தளவு கறுப்பு டேப் ஒன்று ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தாள். “அம்மா, சாவிய ஒரு தடவ குடு, ஓட்ட மாட்டேன், சத்தியமா” என்று கை நீட்டினாள். சாவியைத் திருப்பியதும் டேப் இருந்த இடத்தில் மஞ்சள் விளக்கு பளிச்சென்று விழித்துக்கொண்டது, எத்தனை நாள் கோபமோ.

“அது முன்னாடியே ஒரு தடவ எரிஞ்சுது” என்றான் அண்ணன், குரல் சுருதி இறங்கி. “போய் நாலுலயும் காத்தடிச்சேன். அடிச்சப்புறமும் அணையல. அது பொய்யி சொல்லுதுன்னு விட்டுட்டேன். கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான்.”

“அதான் டேப்பு.”

“அதான் டேப்பு.”

“வார்டுல மெஷின் கத்துதுன்னு நான் அது மேல துண்டப் போட்டு மூடிட்டு டீ குடிக்கப் போவேனாடா?” என்றாள் அம்மா. சாவியை வாங்கி மறுபடியும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

வேறு யாராயிருந்தாலும் இந்த இடத்தில் தோற்றுப்போய்ப் பேசாமல் இருந்திருப்பார்கள். இந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அண்ணன் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“ஆனா பாத்தியாம்மா! காத்தே இல்லாம இவ்வளவு தூரம் ஓடியிருக்கு. எனக்கே தெரியல. அதான் ரன்-ஃப்ளாட்டு!”

அம்மா யோசித்தாள். “அவன் சொல்றதும் சரிதான்டி.”

வாலு தலையில் கை வைத்தாள். “அய்யோ அம்மா! சாதா டயரா இருந்தா அன்னைக்கே உக்காந்திருக்கும். அன்னைக்கே இவன் எறங்கிப் பாத்திருப்பான். ஒரு சின்ன ஓட்டை, அஞ்சு நிமிஷ வேலை. ஓடிருச்சு ஓடிருச்சுன்னு பெருமைப்படுறீங்க, எதத் தேச்சுக்கிட்டு ஓடுச்சுன்னு பாருங்க” என்று தூளைக் காலால் காட்டினாள்.

முதலாளி மெல்ல இருமினார். “ஒரு விஷயம். இந்த அளவுல ரன்-ஃப்ளாட் இப்ப கடையில இல்ல. சொல்லி வரவழைக்கணும். திங்கட்கெழமைக்கு வராது. சாதா டயர்னா இப்பவே இருக்கு.”

அண்ணன் முகம் விழுந்தது. வாலுவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? ‘இல்லையாம்மா, என்ன பண்றது, வேற வழியில்ல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாக முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

“அது கடையில இல்லங்கறதுக்காக நான் இத மாட்டல. இதோ இந்தச் சுவரு பூரா அது அடுக்கி இருந்தாலும் நான் சாதா டயர்தான் மாட்டுவேன். எனக்குப் பிடிச்சிருக்கு. ரோட்ட தொட்டுப் பாக்குற டயரு அது. மாட்டுங்க முதலாளி.”

“மாட்டிக்கோ” என்றாள் அம்மா சாவதானமாக. “நல்லா மாட்டிக்கோ. சாவி எங்கிட்டதான இருக்கு.”

நான்கு புது டயரும் மாட்டியாயிற்று. வண்டி புதுச்செருப்பு போட்ட பிள்ளை மாதிரி கடை வாசலில் நின்றது. போகத்தான் முடியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா டயர் அடுக்கைவிட்டு அசையவில்லை. வாலு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மலையில பாதி வழியில பஞ்சரானா?”

“ஒட்டுவேன்.”

“யாரு?”

“நான்தான்.” டிக்கியில் அந்த ஒற்றைப் பை வைக்கிற இடத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினாள். குத்தூசி, முறுக்கிய ரப்பர் திரி, கையடக்கக் காற்று மெஷின். “எல்லாம் இருக்கு.”

“இருந்தா? எங்க வார்டுல கத்தியெல்லாம்கூடத்தான் இருக்கு. எல்லாரும் ஆப்பரேஷன் பண்ணிருவாங்களா? எங்க, ஒட்டு பாப்போம்.”

“பஞ்சரே ஆகலையேம்மா!”

“அப்ப ஆகும்போது பாத்துக்கலாம். பஸ்ல போ.”

வாலு சுற்றும்முற்றும் பார்த்தாள். முதலாளியின் மேஜையில் ஒரு டிரில் கிடந்தது, பக்கத்தில் டப்பா நிறைய ஸ்க்ரூ. அவள் பார்வை போன திசையைப் பார்த்ததுமே முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“வேணாம்மா, வேணாம்! பழைய டயரு கெடக்கு, அதுல குத்திக்கோம்மா!”

“பழசுல குத்தினா அது பாடம். புதுசுல குத்தினாத்தான் பஞ்சர்.”

“ஏய் வாலு! பைத்தியமா உனக்கு!” அண்ணன் ஓடி வருவதற்குள் டிரில் ஒரு உறுமல் உறுமியது. ஸ்க்ரூ பின்பக்க டயரின் நடுவில், இன்னும் ரப்பர் முடிகூட உதிராத புதுத் தோலில், தலைவரை இறங்கிவிட்டது. அதை அவளே திருப்பிப் பிடுங்கினாள். உஸ்ஸ்ஸ்… டயர் பெருமூச்சு விடத் தொடங்கியது.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். சொந்தப் பிள்ளைக்குக் காது குத்தும்போதுகூட அவர் அப்படி மூடியிருக்க மாட்டார்.

வாலு தரையில் மண்டியிட்டாள். குத்தூசியால் ஓட்டையைக் குடைந்தாள். திரியை ஊசிக் காதில் கோத்து அழுத்தினாள். போகவில்லை. உடம்பு எடையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். திரி முழுசாக உள்ளே விழுந்துவிட்டது. காற்று இப்போது கேலி செய்கிற மாதிரி விசிலடித்தது. வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

“போச்சு” என்றான் அண்ணன். “புது டயரு. போயே போச்சு.”

“வாய மூடு. இல்ல, மூடாத. பேசு. ரோட்டுல நிக்கும்போதும் எவனாவது வந்து இப்படித்தான் பேசுவான். பழகிக்கிறேன்.”

நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்தால் கை கரி முகத்துக்கு வரும். வந்தது. அவள் இரண்டாவது திரியை எடுத்தாள். அவள் கை பல் செய்கிற கை. மெழுகில் ஒரு மயிரிழை கூடினாலும் கண்டுபிடிக்கிற கை. ஆனால் அவசரம் அதைவிடப் பெரிய கை. மூச்சை ஒரு தடவை இழுத்துவிட்டாள். இந்த முறை திரியின் இரண்டு வாலும் வெளியே நிற்கும்படி நிதானமாகச் செருகி, வெடுக்கென்று ஊசியை மட்டும் உருவினாள். உஸ் நின்றது. காற்று மெஷினை மாட்டினாள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து பழையபடி நின்றது.

அம்மா டயர் அடுக்கிலிருந்து இறங்கினாள். சீருடையின் பின்பக்கத்தில் டயரின் அச்சு கறுப்பு வட்டமாகப் பதிந்திருந்தது. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அவள் குனிந்து, பாக்கெட்டிலிருந்த டார்ச்சை எடுத்து, ஒட்டிய இடத்தில் அடித்துப் பார்த்தாள். முதலாளியின் குவளையிலிருந்து தண்ணீர் தொட்டு அதன்மேல் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

“தையல் பரவால்ல” என்றாள். பிறகு, “ஓரத்துல கிழிஞ்சா?”

இங்கே பொய் சொல்லியிருக்கலாம். “ஓரத்துல கிழிஞ்சா ஒட்ட முடியாதும்மா. வண்டி இழுக்கிறவங்களக் கூப்பிடுவேன். அவங்க வர்ற வரைக்கும் கதவப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருப்பேன். அப்ப உன் ரன்-ஃப்ளாட்டுதான் கெட்டி. ஒத்துக்கிறேன்.”

“பயமா இருக்காது?”

“இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். பயம் வந்தா வண்டியவிட்டு எறங்கவே கூடாதுன்னு யாரு சொன்னா? நீ தினமும் வார்டுக்குப் பயப்படாமயா போற?”

அம்மா பாக்கெட்டில் கைவிட்டாள். முதலில் ஒரு ஜோடி கையுறை வந்தது. “கரி ஆகாம இருக்கும்.” அதற்கடியில் சாவி வந்தது.

“மொதல் பஞ்சர் ஆகட்டும், அன்னைக்குப் பேசிக்கிறேன்” என்றான் அண்ணன்.

“அது ஆயிருச்சுண்ணே” என்றாள் வாலு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ஏறினாள். என்ன சொல்ல! பழைய டயரில் அந்த ரோடு வெறும் அதிர்ச்சியாகத்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு ஜல்லியும், ஈரம் காயாத ஒவ்வொரு வளைவும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து பேர் சொல்லிவிட்டுப் போனது. வாலு தனியாகச் சிரித்தாள். பாட்டுகூடப் போடவில்லை. டயர் சத்தமே போதும் என்று இருந்தது.

கிளம்பும்போது அணைந்திருந்த மஞ்சள் விளக்கு பாதி மலையில் மறுபடி எரிந்தது.

ஒட்டு போச்சா? ஸ்க்ரூ போட்ட சூரத்தனம் இப்போது பல்லைக் காட்டுகிறதா? விளக்கின் ஓரத்தில் அண்ணன் ஒட்டிய டேப்பின் பசை இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் விளக்கு மறைந்துவிடும். வளைவு தாண்டினால் இறக்கம்தான், இறக்கம் முடிந்தால் ஊர்தான். போயிரலாம் போயிரலாம் என்று ஒரு குரல். அது அண்ணன் குரல் மாதிரியே இருந்தது.

அவள் ஓரம் கட்டி நின்றாள். உருண்டு இறங்கினாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் அவள். கையுறை மாட்டிக்கொண்டு காற்று அளக்கும் கருவியோடு பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். சரியாக இருந்தது. அடுத்தது, சரியாக இருந்தது. நாலும் ஒன்று போலச் சரியாக இருந்தது. ஒட்டு கல் மாதிரி இருந்தது.

பாரம் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். “உதவி வேணுமாம்மா?”

“வேணாம்ணே. காத்து பாக்குறேன்.”

“சரிம்மா.” லாரி போய்விட்டது. அவ்வளவுதான். இத்தனை நாளாக வீட்டில் எல்லோரும் பயந்த அந்தப் பெரிய காட்சி அவ்வளவுதான்.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். “லைட் எரியுது. நாலுலயும் காத்து கரெக்ட்டா இருக்கு. அணைய மாட்டேங்குது.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. குழந்தை அழுதது. காகிதம் மறுபடி புரண்டது.

“வாலு… டயர் மாத்தினாலோ காத்தடிச்சாலோ ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு பட்டன கொஞ்ச நேரம் அழுத்திப் புடிக்கணுமாம். அப்பத்தான் அது புதுசா கணக்கு எடுக்குமாம். இல்லன்னா கொஞ்ச தூரம் ஓடினதும் பழைய கணக்குலயே மறுபடி எரியுமாம். வண்டி புக்குல போட்டிருக்கு.”

“அத எப்ப படிச்ச?”

“இப்பத்தான்.”

“அப்ப அன்னைக்கு உனக்குக் காத்தடிச்சும் அணையாம எரிஞ்சது…”

“ம்.”

“பட்டன அழுத்தாம, டேப்ப ஒட்டி…”

“நீ மட்டும் அழுத்துனியா? பெரிய டயர் டாக்டரு! புதுசுல ஆணி அடிக்கத் தெரியுது, பட்டன் தெரியல!”

பின்னாலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. வார்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் அந்தச் சிரிப்பை. “ரெண்டும் ஒரே வார்ப்பு. ஒண்ணு மூடிட்டு ஓடுச்சு, ஒண்ணு நின்னு பாத்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றாள்.

“ஆனா அம்மா, இதுவே ரன்-ஃப்ளாட்டா இருந்தா அவ நின்னிருக்கவே வேணாம்ல?” என்று அண்ணன் உடனே ஆரம்பித்தான்.

“நான் நிக்கணும்னுதான்டா நின்னேன்!” என்று வாலு மலைக்கே கேட்கும்படி கத்தினாள். பட்டனை அழுத்திப் பிடித்தாள். விளக்கு ஒரு தடவை சிமிட்டி அணைந்தது.

அந்தச் சண்டை அன்றைக்கு முடியவில்லை, இன்னும் முடியவில்லை. இந்த டயர்கள் தேய்ந்ததும் அடுத்தது எது என்று அண்ணன் இப்போதே கடை முதலாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறான். வாலு மறுநாளே போன் போட்டு அவரைத் திரும்ப இழுத்துவிட்டாள். அவரோ டயர் பக்கம். ஆக, மிச்சம் இருக்கிறது நீங்கள்தான்: தரையோடு படுத்த அந்தச் சிவப்பு வண்டி, அந்த மலை ரோடு, டிக்கியில் மாற்றுச் சக்கரத்துக்கு இடமில்லை, சாவி உங்கள் கையில். சட்டுன்னு சொல்லுங்க பார்ப்போம், நீங்களாக இருந்தால் எதை மாட்டுவீங்க?